இருநூற்று நான்கு

பாஸ்வேர்ட் எழுதி வைத்த துண்டை மான் தின்றுவிட்டதாம்.
வேறு ஊரென்றால் சிரித்திருப்பேன்.
இங்கே பஸ் நிலையத்து மான்கள்
டிக்கெட்டையும் லொத்தர் சீட்டையும்
ஒரே பசியோடுதான் மெல்லும்.
போன மாதம் என் கரண்ட் பில்லைத் தின்றது ஒன்று,
சிவப்பு அறிவித்தலோடு சேர்த்து.

"டெஸ்மன் கதைக்கிறன், பாலையூற்று.
சங்கத்துக் கணக்குக்குள்ள போகேலாமக் கிடக்கு.
ஒருக்கா மாத்தி விடுங்கோ தங்கச்சி."

இரவு பத்தேகால். உவர்மலையில் என் வாடகை அறை.
பதினொரு மாதர் சேமிப்புச் சங்கங்களுக்கு
அந்தச் சின்ன வாசலை எழுதியவள் நான்தான்:
ஒரு முகவரி, அதற்கு அனுப்பும் ஒரு கோரிக்கை,
கோரிக்கைக்குள் மூன்றே சாமான்கள்.
ஆர். பழைய சொல். புதிய சொல்.
பழையது பிழையென்றால் சேர்வர் நானூற்று மூன்று என்னும்.
கோபமில்லை, காரணமுமில்லை,
முந்தி சென்றிப்பொயின்ற்றில் திருப்பி அனுப்பினது போல.

"அப்ப அந்தப் பழைய சொல்லை எடுத்துத் தாங்கோவன்."

எடுக்கேலாது அண்ணா.
என் ஜன்னலைத் திறந்தால்
குடாவுக்கு அங்கால் மாவாலை விளக்குகள்.
கப்பலில் வந்த கோதுமை அதற்குள் போகிறது.
ஒரு பிடி மாவைக் கொண்டுபோய்
இதை மணியாக்கித் தாருங்கோ என்று கேட்டுப் பாருங்கோ.
நாங்கள் சொற்களை வைத்திருப்பதும் அப்படித்தான்,
அரைத்து,
ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாய் உப்புப் போட்டு.

இன்னொரு வாசல் இருக்கிறதை நான் சொல்லவில்லை.
நிர்வாகி வாசல். பழைய சொல் கேட்காது.
அதன் சாவி என் மேசையில்,
ஆறிப்போன தேத்தண்ணிக்குப் பக்கத்தில்.
சங்க இலக்கத்தைக் கேட்டு அடித்தேன்: 417.
பேர், மரியகொறற்றி.
ஐந்து தரம் பிழையாகி, கணக்குப் பூட்டுப்பட்டிருந்தது.
மீதி எழுபத்தெண்ணாயிரத்துச் சொச்சம்.

"இது அக்காவின்ர கணக்கெல்லோ?"
"நாங்கள் ஒரு வீடுதானே."
"அவவிட்டப் போனைக் குடுங்கோ."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டிவி மட்டும் கதைத்தது.
பிறகு அதுவும் இல்லை.

மூன்றாம் நாள் அவ வந்தா, டொக்யார்ட் வீதிக் கந்தோருக்கு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தா.
துண்டையும் மானையும் சொன்னேன்.
"துண்டோ? நான் ஒரு நாளும் எழுதி வைக்கேல்லையே."

பூட்டை எடுத்துவிட்டேன்.
எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கோ என்று
மடிக்கணினியை அவபக்கம் திருப்பினேன்.
அவ சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தா:
"டெஸ்மன். முதல் எழுத்துப் பெரிசு.
பிறகு கலியாணம் கட்டின வருசம்.
கேளுங்கோவன், இனி இதால என்ன."

மகளின் பிறந்தநாளை அடித்திருப்பார்.
ஓட்டோ நம்பரை, லூர்து மாதாவை,
கூடவே அவவின் தாயின் பேரை.
ஐந்து தரம்.

புதிய சொல் வரும்போது நான் எழும்பி
பேனுக்குக் கீழே போய் நின்றேன்.
திரையில் புள்ளிகள்தான் விழும், தெரியும், என்றாலும்.
விசைகள் தட்டுப்பட்டபடி இருந்தன.
பதினேழு வரைக்கும் எண்ணிவிட்டு விட்டேன்.
அது சொல் இல்லை, ஒரு முழு வசனம்
என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கோரிக்கை போனது.
எங்கெங்கோ திறந்து கிடந்த அமர்வுகள் எல்லாம் மூடின.
சேர்வர் இருநூற்று நான்கு என்றது.

"அதெண்டால்?"
"சரி எண்டு அர்த்தம் அக்கா.
சரி, ஆனால் திருப்பிச் சொல்ல ஒண்டுமில்லை."

ஹெல்மெட் நாடாவை ஒருக்கா இழுத்துப் பார்த்தா.
வாசலில், அவவின் ஸ்கூட்டிக் கூடைக்குள்
மூக்கை விட்டுக்கொண்டு நின்றது ஒரு புள்ளிமான்.

"ரசீது, துண்டு ஏதும் தரமாட்டீங்களோ?"
"இல்லை அக்கா."
"நல்லது" என்றா.